916 மீட்டர் என்று எழுதிவைத்த மலை இப்போது 914: நோட்டில் அடித்துவிட வேண்டுமா?

குளிர்மலை எழுதியது:

வணக்கம். நான் கிளாஸ்கோவில் இருக்கிறேன். ஸ்காட்லாந்தில் 3000 அடிக்கு மேல் உயர்ந்த மலைகளுக்கு மன்றோ என்று பெயர். சென்னையில் குதிரைமேல் இருக்கும் மன்றோ அல்ல, 1891இல் இந்த மலைகளைப் பட்டியல் போட்ட சர் ஹியூ மன்றோ. அவற்றை ஒவ்வொன்றாக ஏறி நோட்டில் எழுதி வருகிறேன். இதுவரை 118.

41வது வரியில் பெய்ன் அ க்லைவ் இருக்கிறது. கேலிக் மொழியில் வாள் மலை. 2011 மே மாதம் ஏறினேன். முதல் நாள் இரவு ஷெனவால் என்ற கல்வீட்டில் தங்கினோம். கரண்ட் இல்லை, பூட்டும் இல்லை, வழிப்போக்கர் யார் வேண்டுமானாலும் படுத்துக்கொள்ளலாம். விடிந்ததும் ஆற்றைக் கடக்க வேண்டும், பாலம் கிடையாது. பூட்ஸைக் கழற்றிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் இறங்கினேன். நடு ஆற்றிலேயே பாதம் மரத்துவிட்டது. அதற்கப்புறம் புல்லைப் பிடித்துப் பிடித்து ஏறும் செங்குத்துச் சரிவு. உச்சிக் கற்குவியலோடு ஒட்டி உட்கார்ந்து, விறைத்த விரலால் கோணல் எழுத்தில் '916 மீ.' என்று எழுதினேன். வரைபடத்தில் அப்படித்தான் இருந்தது. அன்று ஃபிஷர்ஃபீல்டு என்ற அந்தப் பகுதியின் ஆறு மன்றோக்களையும் முடித்துத் திரும்பப் பதினாறு மணி நேரம் ஆயிற்று.

பையன் பிறந்த பிறகு சில வருஷம் மலைப்பக்கமே போகவில்லை. இப்போது மறுபடி தொடங்கலாம் என்று புது வரைபடம் வாங்கினால் அதே மலைக்கு 914 என்று போட்டிருக்கிறது. மன்றோ பட்டியலில் பெயரே இல்லை. 3000 அடி என்றால் 914 மீட்டர்தானே? அப்படியானால் ஏன் நீக்கினார்கள்? இரண்டு மீட்டர் எங்கே போயிற்று? அந்த 41ஐ நான் அடித்துவிட வேண்டுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள், மனது கேட்கவில்லை.

நிலஅளவன் எழுதியது:

தம்பி, மலை தேயவில்லை. பழைய வரைபடத்தின் 916, விமானத்திலிருந்து எடுத்த படங்களை வைத்துக் கணித்தது. அந்த முறையில் மூன்று மீட்டர் வரை முன்பின் இருப்பது சகஜம். பிறகு ஜிபிஎஸ் கருவியோடு ஏறி உச்சியிலேயே அளந்தபோது 913.96 வந்தது. 3000 அடி என்பது சரியாக 914.4 மீட்டர். ஆக 44 சென்டிமீட்டர் குறைவு. வரைபடத்தில் தசமம் போடுவதில்லை என்பதால் 914 என்று நிற்கிறது, உங்கள் குழப்பமும் அங்கிருந்துதான் வந்தது. பட்டியலை வைத்திருக்கும் ஸ்காட்டிஷ் மவுன்டனியரிங் கிளப் 2012இல் அதை நீக்கியது. அதற்கு முன்பு 2009இல் ஸ்கூர் நன் கியானிஹன் என்ற மலையும் இப்படித்தான் போயிற்று: 915 என்று இருந்தது, அளந்தால் 913.43. இப்போது மொத்தம் 282.

நான் முப்பது வருஷம் சர்வே வேலை பார்த்தவன். உயரம் அளப்பதில் முதல் சிக்கல், உச்சி எது என்பதே. கற்குவியல் மனிதர் அடுக்கியது, அது கணக்கில் சேராது. லெவல் என்ற மட்டம் பார்க்கும் கருவியை நிறுத்தி, ஸ்டாஃப் என்ற அளவுகோலைப் பாறை பாறையாக வைத்துப் பார்த்து, இயற்கையான உயர்ந்த புள்ளியை முதலில் பிடிக்க வேண்டும். அப்புறம் அதன்மேல் ஜிபிஎஸ் ரிசீவரை வைத்து இரண்டு மணி நேரமாவது அசையாமல் விட வேண்டும். காற்றில் டிரைபாட் லேசாக ஆடினாலும் வேலை கெட்டுவிடும்.

அதோடும் முடியாது. செயற்கைக்கோளுக்குக் கடல் தெரியாது. பூமிக்கு நாம் கணக்கில் வரைந்த ஒரு வழவழப்பான உருவத்திலிருந்துதான் அது உயரம் சொல்லும். மெரினா மணலில் ரிசீவரை வைத்தால் மைனஸ் எண்பது சொச்சம் மீட்டர் காட்டும். கடலுக்கு அடியில் நிற்கிறோமா என்று முதல் முறை நானே திகைத்துப் போனேன். உங்கள் ஸ்காட்லாந்தில் இது தலைகீழ், கடற்கரையிலேயே ஐம்பது மீட்டருக்கு மேல் காட்டும். புவியீர்ப்பை வைத்துக் கடல்மட்டத்துக்கு ஒரு கணக்கு மாதிரியை (மாடல்) உருவாக்கி, அந்த வித்தியாசத்தைக் கழித்தால்தான் வரைபடத்தில் போடும் உயரம் கிடைக்கும்.

நோட்டு விஷயம். எங்கள் ஃபீல்டு புக்கில் ரப்பர் போடவே கூடாது. எண் மாறினால் பழையது படிக்கும்படி ஒரே ஒரு கோடு இழுத்து, மேலே புதியதை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

லீட்ஸ் தமிழச்சி எழுதியது:

சார் சொன்ன அந்தக் கடல்மட்ட மாதிரியால் ஒரு மலைக்கே பதவி கிடைத்திருக்கிறது. வட இங்கிலாந்தின் கம்ப்ரியாவில் இருக்கும் காஃப் டாப். இங்கே 2000 அடி, அதாவது 609.6 மீட்டர் இருந்தால்தான் மலை என்பது வழக்கம். அளந்தபோது 609.58. இரண்டு சென்டிமீட்டரில் போயிற்று. 2016இல் பிரிட்டனின் வரைபட நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வே தன் மாதிரியைத் திருத்தியது. பழைய அளவையே புது மாதிரியில் போட்டுப் பார்த்தால் 609.606! யாரும் மறுபடி மேலே ஏறி அளக்கவில்லை. ஆறு மில்லிமீட்டரில் மலையாகிவிட்டது. நானும் மகளும் போன கோடையில் ஏறினோம். மேலே உட்கார்ந்து அவள் ஸ்கேலை எடுத்து ஆறு மில்லிமீட்டரைத் தன் நோட்டில் வைத்துக் காட்டினாள். ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் உள்ள இடைவெளிகூட இல்லை.

கேலி செய்பவர்கள் உண்டு, எனக்கு அது பிடிக்காது. எங்கேயாவது கோடு போட்டாக வேண்டும், போட்டால் அதை மதிக்க வேண்டும். நம் விருப்பத்துக்கு வளைத்தால் அப்புறம் பட்டியல் எதற்கு? உங்கள் வாள் மலை ஒன்றும் அநாதையாகிவிடவில்லை அண்ணா. 2500 முதல் 3000 அடி வரை உயர்ந்து, சுற்றிலும் 500 அடியாவது இறக்கம் உள்ளவற்றுக்குக் கார்பெட் என்று தனிப் பட்டியல் இருக்கிறது. இப்போது அதில் இருக்கிறது.

குளிர்மலை எழுதியது:

இருவருக்கும் ரொம்ப நன்றி. 914க்கும் 914.4க்கும் நடுவே இவ்வளவு இருக்கிறது என்று நினைக்கவே இல்லை. ஸ்கூர் நன் கியானிஹன், அதாவது வணிகர் சிகரம் என்கிற அந்த இன்னொரு மலை என் நோட்டில் இல்லை, தேடிப் பார்த்துவிட்டேன்.

சார் சொன்னபடியே செய்துவிட்டேன். 916இன் மேல் ஒரே கோடு, அதற்கு மேலே 913.96, பக்கத்தில் 'கார்பெட், 2012 முதல்', கீழே என் கையெழுத்து. 2011இன் கோணல் எழுத்து அப்படியே படிக்க முடிகிறது. ஃபிஷர்ஃபீல்டு ஆறு என்று எழுதியிருந்ததை மட்டும் ஐந்து என்று திருத்தக் கை வரவில்லை, அன்று நாங்கள் நடந்தது ஆறுதான். மொத்தக் கணக்கை 117 ஆக்கிவிட்டேன். அடுத்து ஏறும் மன்றோவுக்கு மறுபடியும் 118 என்றே எண் போடுவேன்.