தெருவில் தனியாக இருக்கும் பெரியவர்களுக்கு உதவி: எங்கிருந்து தொடங்குவது?

வேளச்சேரிவாசி:
எங்க தெருவுல ஆறு வீட்டுல பெரியவங்க தனியா இருக்காங்க. பிள்ளைங்க எல்லாம் வெளியூர், வெளிநாடு. ஐப்பசி மழைக்கு முன்னாடி ஏதாவது ஒழுங்கா செய்யணும்னு நாலு பேர் சேர்ந்திருக்கோம். வசூல் பண்ணணுமா, சங்கமா பதிவு பண்ணணுமா?

தெருமுனை:
ரெண்டும் இப்போ வேண்டாம். ஒரு வீட்டுக்கு ரெண்டு பேர் பொறுப்பு எடுங்க, ஒருத்தர் ஊருக்குப் போனா இன்னொருத்தர் இருப்பார். ஆளுக்கு மூணு வீடு வரும், அதுக்கு மேல இழுத்துப் போட்டுக்காதீங்க.

"என்ன உதவி வேணும்?"னு கேட்டா "ஒண்ணும் வேண்டாம்பா"ன்னுதான் சொல்வாங்க. தண்ணி கேனை யார் தூக்கி வைக்கிறாங்க, ரேஷனுக்கு யார் போறாங்க, ராத்திரி முடியலைன்னா யாருக்குப் போன் பண்ணுவீங்கன்னு கேளுங்க. அந்தப் பதில்லயே வேலை தெரிஞ்சிடும். நாளும் நேரமும் நிலையா வைங்க, ஞாயிறு காலை 10 மணி மாதிரி. "எப்ப வேணாலும் கூப்பிடுங்க"ன்னா, தொந்தரவு எதுக்குன்னு கூப்பிடவே மாட்டாங்க.

மாத்திரை பேர், அளவு, ஒத்துக்காத மருந்து, பிள்ளைங்க நம்பர், வழக்கமா போற ஆஸ்பத்திரி, இதையெல்லாம் பெரிய எழுத்துல எழுதி ஃப்ரிட்ஜ் கதவுல ஒட்டுங்க. 108ல வர்றவங்களுக்கு உடனே கண்ணுல படும். வாட்ஸ்அப் குரூப்ல போடவே போடாதீங்க. யார் தனியா இருக்காங்கங்கிற பட்டியல் திருடன் கைக்குப் போகக் கூடாது.

மாத்திரைடப்பா:
பணத்துலயும் மருந்துலயும்தான் பேர் கெடும். ஏடிஎம் கார்டு, பின், ஓடிபி எதையும் அவங்களே நீட்டினாலும் தொடாதீங்க. சாமான் வாங்கினா பில்லும் மீதியும் ஒரே கவர்ல. ஒரு நோட்டுல தேதி, தொகை, அவங்க கையெழுத்து. மாசம் ஒரு தடவை அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்துப் பிள்ளைங்களுக்கு அனுப்பிடுங்க.

மெடிக்கலுக்குப் பழைய மாத்திரை அட்டையோட போங்க. ஒரே பிரஷர் மாத்திரை 2.5, 5, 10 மில்லிகிராம்னு இருக்கும், வாயால சொன்னா மாறிடும். நாலு மாத்திரை வெட்டி வாங்கினா காலாவதி தேதி இருக்கிற முனை கடையிலேயே தங்கிடும், அதனால முழு அட்டையா கேளுங்க. டோஸ் கூட்டறது குறைக்கறது நம்ம வேலை இல்லை.

பிரஷர், சுகர் மாத்திரையை வீட்டுக்கே கொண்டு தர மக்களைத் தேடி மருத்துவம் 2021ல தொடங்கினாங்க, ரேஷனை வீட்டுக்கே தர தாயுமானவர் திட்டம் 2025ல வந்தது. ஆரம்ப சுகாதார நிலையத்துலயும் ரேஷன் கடையிலயும் பேர் சேர்க்க முடியுமான்னு முதல்ல விசாரிங்க. கிடைச்சா உங்க வேலையில பாதி குறையும்.

வேளச்சேரிவாசி:
நன்றிங்க. மழைக்குத் தனியா என்ன செய்யணும்?

ஏரிக்கரை:
2023 மிக்ஜாம் புயல்ல நம்ம பக்கம் நாள் கணக்கா கரண்ட் இல்லை. மோட்டார் ஓடாது, மேல்தொட்டி காலியாகும். குடிக்க, சமைக்க ஆளுக்கு நாளைக்கு 4 லிட்டர்னு வச்சா ஒரு 20 லிட்டர் கேன் அஞ்சு நாள் தாங்கும். ஆனா கேனை அவங்களால சாய்க்க முடியாது. முன்னாடியே 2 லிட்டர் பாட்டில்ல ஊத்தி, குனியாம எடுக்கிற உயரத்துல வைங்க. பாத்ரூமுக்கு ரெண்டு பக்கெட் தனியா.

இன்சுலின் போடுறவங்க இருந்தா கரண்ட் போன உடனே பாருங்க. ஐஸ் மேல நேரா வைக்காதீங்க, உறைஞ்ச இன்சுலின் வீண். ஈரமண் பானைக்குள்ள, கவர்ல சுத்தி, தண்ணி படாம வைங்க.

தரைத்தள வீடுன்னா வாசல் படியைத் தண்ணி தொடுறதுக்கு முன்னாடியே மெயினை அணைங்க, ஈரக் கையோட வேண்டாம். மாநகராட்சி 1913 நம்பரையும் அந்த ஃப்ரிட்ஜ் அட்டையிலயே எழுதிடுங்க.

ரெட் அலர்ட் அன்னிக்கு காலை 8, ராத்திரி 9 மணிக்கு ஒரு போன். எடுக்கலைன்னா சார்ஜ் போயிருக்கும்னு விட்டுடாதீங்க, நேர்ல போய்க் கதவைத் தட்டுங்க. மாற்றுச் சாவி ஒண்ணை அவங்க நம்புற பக்கத்து வீட்டுல இப்பவே கொடுத்து வைக்கச் சொல்லுங்க.