தொடுகோட்டின் சாய்வு: விதி முதலிலா, எல்லை முதலிலா?

கேள்விக்குறி
வளைவரையின் சாய்வைக் கண்டுபிடிக்கும் வகையிடல் இப்போதுதான் தொடங்கியிருக்கிறேன். எக்ஸ் வர்க்கத்தின் வளைவரைக்கு, எக்ஸ் 3 ஆகும் இடத்தில் தொடுகோட்டின் சாய்வு வேண்டும். அடுக்கை முன்னால் போட்டு அடுக்கில் ஒன்றைக் குறைத்தால் 2எக்ஸ், அதாவது 6. ஒரே வரி. அப்புறம் எதற்கு முதல் கொள்கை என்று, எல்லை வழியாக அதே சாய்வை அரைப் பக்கம் எழுதச் சொல்கிறார்கள்?

அடுக்குவிதி
ஆரம்பத்தில் அது வேண்டாம் என்பேன். கணித அறிஞர் லைப்னிட்ஸ் தன் வகையிடல் முறையை வெளியிட்டது 1684-இல். எல்லை, அதாவது ஒரு மதிப்பு நெருங்கிப் போகும் எண், என்ற கருத்தை இன்னொரு கணித அறிஞரான கோஷி ஒழுங்குபடுத்தியது 1821-இல். இடையில் நூறு வருஷத்துக்கு மேல் அது இல்லாமலேயே கோள்களின் பாதை வரை கணக்கிட்டார்கள். முதலில் கை பழகட்டும்.

வெட்டுக்கோடு
அவர்களிடம் துல்லியமான எல்லை இல்லை, சரி. ஆனால் வித்தியாசத்தை வித்தியாசத்தால் வகுக்கும் வழி இருந்தது. விதி பிறந்ததே அதிலிருந்துதான். கேள்விக்குறி, ஒரு தாளில் போட்டுப் பாருங்கள். 3-இன் வர்க்கம் 9, 3.1-இன் வர்க்கம் 9.61. அந்த இரண்டு புள்ளிகளை இணைக்கும் கோட்டின் சாய்வு, 0.61-ஐ 0.1-ஆல் வகுத்தால் 6.1. இன்னும் நெருங்கி 3.01 எடுத்தால் 6.01. இந்தப் பக்கம் 2.9 எடுத்தால் 5.9, 2.99 எடுத்தால் 5.99. இரண்டு பக்கமும் 6-ஐ நோக்கித்தான் வருகின்றன.

அடுக்குவிதி
சரியாக 3-இலேயே கேட்டால்? 0-ஐ 0-ஆல் வகுக்க வேண்டும். மாணவர்கள் மிரள்வது அங்கேதான். ஒரே புள்ளியில் தொடும் கோடு தொடுகோடு என்று வட்டத்தில் படித்ததே போதாதா?

வெட்டுக்கோடு
போதவே போதாது. எக்ஸ் கனத்தின் வளைவரையில், எக்ஸ் 1 ஆகும் இடத்தில் சாய்வு 3. அந்தத் தொடுகோட்டை நீட்டினால் எக்ஸ் மைனஸ் 2 ஆகும் இடத்தில் அதே வளைவரையை மறுபடியும் வெட்டுகிறது. அதனால் அது தொடுகோடு இல்லை என்பீர்களா? மேல்நோக்கித் திறந்த பரவளையத்தை ஒரு செங்குத்துக் கோடு ஒரே இடத்தில்தான் சந்திக்கிறது, அது தொடுகோடே அல்ல.

0-க்கு 0 என்ற பயத்துக்கும் வழி இருக்கிறது. 3-உடன் எச் என்ற சிறு எண்ணைக் கூட்டுங்கள். வர்க்கங்களின் வித்தியாசம் 6எச் கூட்டல் எச் வர்க்கம். எச் பூஜ்ஜியம் இல்லாதவரை அதால் வகுக்கலாம். மிஞ்சுவது 6 கூட்டல் எச். "பூஜ்ஜியம் இல்லை என்று வகுத்துவிட்டுப் பிறகு பூஜ்ஜியம் என்கிறீர்களே" என்ற ஆட்சேபத்தை 1734-இலேயே தத்துவ அறிஞர் பெர்க்லி எழுப்பிவிட்டார். நியாயமான ஆட்சேபம். எச்-ஐ நாம் பூஜ்ஜியமாக்கவில்லை, எச் சுருங்கச் சுருங்க விடை எந்த எண்ணை நெருங்குகிறது என்று மட்டும் பார்க்கிறோம். இந்தப் பதில் தெளிவாக வரத்தான் அத்தனை காலம் ஆனது.

பரவளையன்
மட்டு எக்ஸையும், அதாவது மைனஸ் குறியை நீக்கிய எக்ஸையும், சேர்த்துக்கொள்ளுங்கள். பூஜ்ஜியத்தில் வலப்பக்கக் கோடுகளின் சாய்வு எல்லாம் 1, இடப்பக்கம் எல்லாம் மைனஸ் 1. இரண்டு பக்கமும் சேர்ந்து நெருங்க ஒரே எண் இல்லை, அதனால் அங்கே வகைக்கெழுவும், அதாவது வகையிட்டுக் கிடைக்கும் சாய்வும், இல்லை. அடுக்கு விதியைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது.

அடுக்குவிதி
மட்டுச் சார்பு விஷயத்தில் மறுப்பில்லை. ஆனால் பெருக்கல் விதி, சங்கிலி விதி என்று போகும்போது ஒவ்வொரு கணக்கையும் முதல் கொள்கையில் யார் போடுவார்கள்? ஒருமுறை காட்டினால் போதும், மீதி நேரம் விதிக்கு.

வெட்டுக்கோடு
அந்த ஒருமுறை முதலில் வரட்டும் என்றுதான் கேட்கிறேன். விடை கையில் வந்தபிறகு அந்த அரைப் பக்கத்தை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. கேள்விக்குறி, 1-இன் கீழ் எக்ஸ், எக்ஸ் 2 ஆகும் இடத்தில். விதியைத் தொடாமல் போடுங்கள்.

கேள்விக்குறி
போட்டேன். 2.1 எடுத்தால் மைனஸ் 0.2381. 2.01 எடுத்தால் மைனஸ் 0.2488. மைனஸ் கால் பக்கம் போகிறது. எக்ஸ் கூடும்போது மதிப்பு குறைவதால்தான் மைனஸ், இல்லையா?