பழைய கிரிக்கெட் ஆட்டக்காரர்களிடம் நம் பிள்ளைகள் எதைப் பிடித்துக்கொள்கிறார்கள்? – மூன்று பேரின் அனுபவங்கள்

பதினாறு வயதுக்கு உட்பட்ட பையன்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். எல்லாருமே சச்சின் ரசிகர்கள். ஆனால் அவர் ஆடியதை நேரலையில் பார்த்தவன் ஒருவன்கூட இல்லை; எல்லாம் மொபைலில் வரும் இரண்டு நிமிட வீடியோதான். அதில் பவுண்டரி மட்டும்தானே இருக்கும்? எங்கள் தொடக்க ஆட்டக்காரன் ஒருவன், ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே போகிற பந்தைத் துரத்தித் துரத்தி ஸ்லிப்பில் கேட்ச் கொடுத்துக்கொண்டே இருந்தான். கேட்டால், "சச்சின் கவர் டிரைவ் சார்" என்பான்; வெளியே வரும் பந்தை ஆஃப் பக்கம் விரட்டும் அடி அது.

சரி என்று 2004 சிட்னி டெஸ்ட்டைப் போட்டுக் காட்டினேன். அந்தத் தொடரின் முந்தைய மூன்று டெஸ்ட்டிலும் சச்சின் ஓர் அரைச்சதம்கூட அடிக்கவில்லை. சிட்னியில் கவர் டிரைவையே மூட்டை கட்டி வைத்துவிட்டார். 436 பந்துகள், ஆட்டமிழக்காமல் 241. ரன்னெல்லாம் பெரும்பாலும் எதிர்ப்பக்கமான லெக் சைடில். பையன் முதலில் கொட்டாவிதான் விட்டான். அப்புறம் அவனாகவே, "சார், அவர் விடுற பந்தை எண்ணிட்டு வரேன்" என்று நோட்டை எடுத்தான். அடுத்த வலைப்பயிற்சியில், வெளியே போன பந்துக்கு மட்டையைத் தோளுக்கு மேல் தூக்கிக்கொண்டு, பந்து கீப்பர் கையில் சேரும்வரை திரும்பிப் பார்த்தபடி நின்றான். பாதி நடிப்புதான். இருக்கட்டும், மட்டையில் பந்து படவில்லையே!

---

என் அண்ணன் மகள் வேகப்பந்து போடுகிறாள். அணியில் இடம் கிடைக்காமல், பந்து பொறுக்கிப் போடும் வேலை கொடுத்தார்கள் என்று முகத்தைத் தூக்கி வைத்திருந்தாள். இந்திய வேகப்பந்து வீச்சாளர் ஜூலன் கோஸ்வாமி கதையைச் சொன்னேன். 1997 மகளிர் உலகக் கோப்பை இறுதியாட்டம் ஈடன் கார்டன்ஸில் நடந்தபோது, எல்லைக்கோட்டருகே பந்து எடுத்துப் போட்ட சிறுமிகளில் அவரும் ஒருவர். ஆஸ்திரேலியா கோப்பையைத் தூக்கியதை அங்கிருந்தே பார்த்தவர், பிற்பாடு ஒருநாள் ஆட்டங்களில் 255 விக்கெட் எடுத்தார்.

இவளுக்கு அது நன்றாகவே ஏறிவிட்டது. இப்போதெல்லாம் கோட்டருகே நின்றால் பவுலரின் மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். பந்து பக்கத்தில் உருண்டு போனதுகூடத் தெரியாமல் நின்று திட்டு வாங்கியதும் உண்டு.

---

என்னுடையது சின்னதுதான். இந்திய மட்டையாளர் குண்டப்பா விஸ்வநாத்தின் 1975 சேப்பாக்கம் ஆட்டத்தைப் பற்றித் தம்பி மகனிடம் பெருமையடித்துக்கொண்டிருந்தேன். "97தானா பெரியப்பா? சதம்கூட இல்லையே" என்றான். ஸ்கோர்கார்டை எடுத்துக் கொடுத்தேன். மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராக இந்தியா 190க்கு ஆல் அவுட். அவர்களுடைய வேகப்பந்து வீச்சாளர் ஆண்டி ராபர்ட்ஸுக்கு மட்டும் 7 விக்கெட். அந்த 190இல் பாதிக்கு மேல் விஸ்வநாத் ஒரே ஆள், கடைசிவரை அவுட்டாகாமல் அடித்தது, அதுவும் ஹெல்மெட் இல்லாத காலத்தில். பையன் விரலை வைத்து ஒவ்வொரு பெயராகக் கீழே இறங்கி, கடைசி ஆளான சந்திரசேகரில் வந்து நின்றான். "இவர் இன்னும் கொஞ்சம் தாக்குப்பிடிச்சிருக்கக் கூடாதா?"

அந்தச் சந்திரசேகர்தான் 1971 ஓவலில் 38 ரன்னுக்கு 6 விக்கெட் எடுத்து, இங்கிலாந்து மண்ணில் நமக்கு முதல் டெஸ்ட் வெற்றியை வாங்கிக் கொடுத்தவர் என்றேன். இவனும் லெக் ஸ்பின் போடுகிறவன், பதினோராவதாக மட்டை பிடிக்க இறங்குகிறவன். விஸ்வநாத்தை அப்படியே விட்டுவிட்டான். இப்போது வீட்டில் சந்திரசேகர் பேச்சுதான்.