டிஜிட் ஸ்பேன்: ஆங்கிலத்தில் 7, தமிழில் 5 அல்லது 6. எதை நம்புவது?

முதுகலை_உளவியல்:

வணக்கம். புராஜெக்டுக்காக, இரண்டு மொழியும் தெரிந்த 12, 13 வயதுப் பிள்ளைகளிடம் டிஜிட் ஸ்பேன், அதாவது ஒரு தடவை கேட்டு எத்தனை எண்களைத் திருப்பிச் சொல்ல முடிகிறது என்ற அளவு, எடுத்துக்கொண்டிருக்கிறேன். வழக்கமான முறைதான்: நொடிக்கு ஓர் எண் வீதம் நான் சொல்ல, அவர்கள் அதே வரிசையில் திருப்பிச் சொல்ல வேண்டும். ஒரே பிள்ளை ஆங்கில எண்களில் 7 வரை போகிறது, தமிழ் எண்களில் 5 அல்லது 6-இல் நின்றுவிடுகிறது. வீட்டில் தமிழ் மட்டுமே பேசுகிறவர்களிடமும் இப்படித்தான். தமிழில் நினைவாற்றல் குறைவு என்று எழுத எனக்கு மனமில்லை, அது சரியென்றும் தோன்றவில்லை.

இதற்கு நடுவே ஒரு பையன் அலட்டிக்கொள்ளாமல் 11 எண்கள் சொன்னான். அவனைக் கணக்கிலிருந்து நீக்கிவிடலாமா? இந்த மதிப்பெண்ணை வைத்து நுண்ணறிவு பற்றி ஏதாவது சொல்ல முடியுமா என்று வழிகாட்டி கேட்கிறார். அதற்கும் பதில் தேவை.

---

ஒலிவளையம்:

நீங்கள் தயங்கியது சரி. பிள்ளையின் நினைவு மொழிக்கு மொழி மாறவில்லை, எண்ணின் பெயரைச் சொல்ல ஆகும் நேரம்தான் மாறுகிறது.

கேட்ட எண்களை மனசுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லித்தான் பிடித்து வைக்கிறோம். பேட்லியும் ஹிட்சும் 1974-இல் முன்வைத்த வொர்க்கிங் மெமரி (கொஞ்ச நேரம் மனசில் வைத்து வேலை செய்யும் நினைவு) மாதிரியில் இந்த வேலையைச் செய்யும் பகுதிக்குப் பிற்பாடு ஒலி வளையம் என்று பெயர் வந்தது. அதன் கொள்ளளவை எண்ணிக்கையில் சொல்வதைவிட நேரத்தில் சொல்வது பொருத்தம். ஒருவர் ஏறக்குறைய 2 நொடியில் எத்தனை சொற்களைச் சொல்லி முடிப்பாரோ, கிட்டத்தட்ட அத்தனைதான் அவருக்கு நிற்கும் என்று பேட்லி, தாம்சன், புக்கனன் மூவரும் 1975-இல் காட்டினார்கள். ஒரே சமயத்தில் நினைவில் நிற்பது 7 ± 2 உருப்படிகள் என்று மில்லர் 1956-இல் எழுதியதை எந்த மொழிக்கும் பொருந்தும் மாறிலியாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

ஆங்கிலத்தில் ஒன்றிலிருந்து ஒன்பது வரை, செவன் தவிர மற்றதெல்லாம் ஒரு சிலபிள். தமிழ்ப் பேச்சில் ஒண்ணு முதல் எட்டு வரை இரண்டு சிலபிள், ஒம்பது மூன்று. வளையத்தில் ஒரு சுற்று முடிய நேரம் கூடுகிறது, அதற்குள் முதலில் வந்த எண் மங்கிவிடுகிறது.

இன்னொரு காரணமும் இருக்கலாம். ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு, ஆறு, ஏழு, எட்டு, ஒம்பது என்று வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். ஒன்பது பெயர்களும் உகரத்தில் முடிகின்றன. ஒலி ஒத்த உருப்படிகள் நினைவில் ஒன்றோடொன்று குழம்பும் என்பது கான்ராட் 1964-லேயே காட்டிய விஷயம். அதனால் தவறான பதில்களை வெறுமனே தவறு என்று குறிக்காதீர்கள். எண்ணே விடுபட்டதா, எண்கள் எல்லாம் வந்து இடம் மட்டும் மாறியதா என்று பிரித்து எழுதுங்கள். 4-9-2-7-5 என்பதற்கு 4-2-9-7-5 என்று வந்தால் அது இடமாற்றம். தமிழில் மட்டும் இடமாற்றம் கூடுதலாக இருந்தால் ஒலி ஒப்புமையைச் சந்தேகிக்கலாம்.

உங்களுடையதைப் போன்ற முடிவு வேறு மொழியில் முன்பே வந்திருக்கிறது. எல்லிஸும் ஹென்னலியும் 1980-இல் வெல்ஷ், ஆங்கிலம் இரண்டும் அறிந்தவர்களைச் சோதித்தார்கள். வெல்ஷ் எண்களைச் சொல்ல அதிக நேரம் ஆனது, ஸ்பேனும் வெல்ஷில் குறைந்தது. வாயை வேறு ஒலியில் ஈடுபடுத்தி, மனசுக்குள் சொல்லிப் பார்ப்பதைத் தடுத்தபோது அந்த வேறுபாடு மறைந்துவிட்டது.

நீங்களும் இரண்டு விதமாகச் சரிபார்க்கலாம். முதலாவது, பேச்சு வேகம். 10 எண்கள் அச்சிட்ட அட்டையைக் கொடுத்து, முடிந்த அளவு வேகமாக, ஆனால் தெளிவாக, வாசிக்கச் சொல்லி ஆடியோவில் பதியுங்கள். ஒவ்வொரு மொழியிலும் மூன்று தடவை போதும். அலைவடிவத்தைப் பார்த்து நேரத்தை அளந்து, நொடிக்கு எத்தனை எண் என்று கணக்கிடுங்கள். ஸ்டாப்வாட்ச் வேண்டாம், நம் கை தாமதிப்பதே இங்கே பெரிய பிழையாகிவிடும். இரண்டு மொழி ஸ்பேன்களின் விகிதமும் வேகங்களின் விகிதமும் நெருங்கி வந்தால் உங்கள் கேள்விக்கு ஏறக்குறைய பதில் கிடைத்துவிட்டது.

இரண்டாவது, எண்களைத் திரையில் ஒவ்வொன்றாகக் காட்டும்போது பிள்ளை "லலலல" என்று இடைவிடாமல் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும், பதிலை எழுதி முடிக்கும்வரை. எல்லோருக்கும் மதிப்பெண் இறங்கும், அது எதிர்பார்த்ததே. மொழி இடைவெளி சுருங்குகிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும். காதால் கேட்கும் பட்டியலை இதற்குப் பயன்படுத்தாதீர்கள், பிள்ளையின் குரலே எண்ணை மறைத்துவிடும்.

---

அளவீடு_முக்கியம்:

மேலே சொன்ன விளக்கம் சரி. ஆனால் அதற்கு முன்னால் சோதனை நடத்திய விதத்தைப் பாருங்கள், ஓர் எண் வித்தியாசம் அதிலிருந்தே வந்துவிடும்.

குரல்தான் முதல் சந்தேகம். 4-9-2, 7-5-8 என்று நம்மையறியாமல் மும்மூன்றாகப் பிரித்துச் சொல்லிவிடுவோம். அப்படிக் குழுவாகக் கேட்டால் ஸ்பேன் கூடும். ஒரு மொழியில் மட்டும் இப்படி நடந்தால் முடிவே பாழ். மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60-இல் வைத்து, ஒன்பது எண்களையும் தனித்தனியாக, ஏற்ற இறக்கமில்லாமல் பதிவுசெய்து, கணினியில் கோத்து ஒலிக்க விடுங்கள். ஒவ்வோர் எண்ணின் தொடக்கத்துக்கும் அடுத்ததன் தொடக்கத்துக்கும் நடுவே சரியாக 1 நொடி. முடிவுக்கும் தொடக்கத்துக்கும் நடுவே 1 நொடி விட்டால், நீளமான பெயர்கள் வரும் பட்டியல் மொத்தத்தில் மெதுவாகிவிடும்.

தமிழ்ப் பதிவில் "இரண்டு, மூன்று" என்று எழுத்துவழக்கில் சொல்கிறீர்களா? பிள்ளை மனசுக்குள் "ரெண்டு, மூணு" என்றுதான் சொல்லிப் பார்க்கும், அந்த மாற்றத்துக்கும் கொஞ்சம் கவனம் செலவாகும். பதிவிலும் பேச்சு வடிவமே இருக்கட்டும். சுழியம் வேண்டாம்.

பட்டியலில் ஓர் எண் இரண்டு தடவை வரக் கூடாது, 4-5 போலவோ 8-7 போலவோ அடுத்தடுத்த எண்கள் பக்கத்தில் வரக் கூடாது, 2-4-6 போன்ற ஒழுங்கும் கூடாது. இந்த விதியோடு 9 வரைதான் போக முடியும். 11 எண் பட்டியலில் கட்டாயம் இரண்டு எண்கள் திரும்ப வரும், அவற்றை ஒன்றுக்கொன்று தள்ளி வையுங்கள். வெளியீட்டாளர் விற்கும் நுண்ணறிவுச் சோதனையிலிருந்து பட்டியலை எடுக்காதீர்கள். அவை காக்கப்பட வேண்டியவை, வெளியே பரவினால் பிள்ளைகளைப் பிறகு முறையாகச் சோதிக்கும்போது மதிப்பெண் கெட்டுவிடும். சொந்தப் பட்டியலுக்கு அந்தச் சோதனையின் நெறி அட்டவணையும் (மதிப்பெண்ணை அதே வயதினரோடு ஒப்பிடும் அட்டவணை) பொருந்தாது.

பாதிப் பிள்ளைகளுக்குத் தமிழ் முதலில், பாதிப் பேருக்கு ஆங்கிலம் முதலில். எல்லோருக்கும் தமிழே கடைசியில் வந்திருந்தால் நீங்கள் அளந்திருப்பது களைப்பாகவும் இருக்கலாம்.

ஒரு நீளத்துக்கு இரண்டு பட்டியல் என்பது விரைவுச் சோதனைக்கான ஏற்பாடு. ஆய்வுக்குக் குறைந்தது நான்கு பட்டியல் வேண்டும். கடைசியாகத் தாண்டிய நீளத்தை மட்டும் எழுதாமல், சரியாகச் சொன்ன பட்டியல்களின் மொத்த எண்ணிக்கையையும் வையுங்கள். ஒரு கணம் கவனம் சிதறினாலும் முன்னது ஒரு முழு எண் இறங்கிவிடும், பின்னது அவ்வளவு ஆடாது.

---

முதுகலை_உளவியல்:

மிக்க நன்றி. குரல் விஷயத்தை யோசிக்கவே இல்லை, பதிவுசெய்து மறுபடி எடுக்கிறேன். 11 எண் பையனையும் நுண்ணறிவையும் பற்றி யாராவது சொல்லுங்களேன். எண்களைத் தலைகீழாகச் சொல்ல வைப்பதையும் சேர்க்கலாமா?

---

கவனமும்_நினைவும்:

பையனை நீக்காதீர்கள். மதிப்பெண் பெரிதாக இருப்பது நீக்கக் காரணமாகாது, பட்டியல் கசிந்திருந்தால் மட்டும் நீக்கலாம். அவன் எப்படிச் செய்கிறான் என்று பாருங்கள். பதிலின் பதிவில் இடைநிறுத்தங்களை அளந்தால் 3-4-4 என்றோ 3-3-3-2 என்றோ துண்டுகள் தெரியும். ஒவ்வொரு துண்டும் அவனுக்கு ஏற்கெனவே தெரிந்த ஏதோ ஒன்றாக இருக்கலாம். கோவன் 2001-இல் வாதிட்டபடி, மனம் ஒரே சமயத்தில் ஏறக்குறைய 4 துண்டுகளைத்தான் வைத்திருக்கும். துண்டு எவ்வளவு பெரியது என்பதில்தான் ஆளுக்கு ஆள் வித்தியாசம். சோதனை முடிந்ததும் "எப்படி ஞாபகம் வைத்தாய்?" என்று கேளுங்கள், நடுவில் கேட்காதீர்கள். நடுவில் கேட்டால் உத்தியை நாமே சொல்லிக்கொடுத்ததாகிவிடும்.

பிறகு அவனுக்கு எண்களுக்குப் பதிலாக எழுத்துகளின் பட்டியல் கொடுங்கள். எரிக்சன், சேஸ், ஃபலூன் மூவரும் 1980-இல் வெளியிட்ட ஆய்வில், சாதாரண ஸ்பேன் கொண்ட ஒரு கல்லூரி மாணவர் 230 மணி நேரத்துக்கு மேல் பயின்று 79 எண்கள் வரை போனார். அவர் ஓட்டக்காரர், எண்களை ஓட்டப் பந்தய நேரங்களாக மாற்றி வைத்துக்கொண்டார். எழுத்துகள் கொடுத்தபோது 6 அளவில்தான் நின்றார். உங்கள் பையனும் எழுத்துகளில் மற்றவர்கள் அளவுக்கு இறங்கினால் அது எண்களுக்கான உத்தி. இறங்காவிட்டால்தான் வேறு காரணம் தேட வேண்டும்.

வழிகாட்டியின் கேள்விக்கு வருவோம். முன்னோக்கிச் சொல்லும் ஸ்பேனை மட்டும் வைத்து நுண்ணறிவு பற்றி எழுதாதீர்கள். அதில் பேச்சு வேகம், குழுவாக்கும் பழக்கம், அன்றைய கவனம் எல்லாம் கலந்திருக்கின்றன. மிகக் குறைந்த மதிப்பெண் வந்தால், எதையும் முடிவுகட்டுவதற்கு முன் காது கேட்பதைப் பரிசோதியுங்கள்.

தலைகீழாகச் சொல்வதைத் தாராளமாகச் சேருங்கள். வைத்திருப்பதோடு மாற்றியமைக்கவும் வேண்டியிருப்பதால், பொது நுண்ணறிவோடு அதற்குத் தொடர்பு கொஞ்சம் கூடுதல். இன்னும் வலுவானது, டேன்மனும் கார்ப்பென்டரும் 1980-இல் உருவாக்கிய வாசிப்பு ஸ்பேன் வகை: வாக்கியங்களை ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டே ஒவ்வொன்றின் கடைசிச் சொல்லையும் நினைவில் வைப்பது. வாசிப்புப் புரிதலோடு அது நன்றாகவே ஒத்துப்போகிறது. தமிழில் அமைக்கும்போது ஒன்று கவனியுங்கள். நம் வாக்கியங்கள் வினைமுற்றில் முடிவதால் "வந்தான், போனான், தின்றான்" என்று எல்லாச் சொல்லும் ஒரே ஓசையில் விழும். மேலே உகரத்துக்குச் சொன்ன சிக்கல் இங்கே இன்னும் மோசமாக வரும். "மேசையில் இருப்பது கத்தி" போலப் பெயரில் முடியும் வாக்கியங்களாக எழுதிக்கொள்ளுங்கள், முதல் தொகுதியில் இரண்டு வாக்கியம் போதும்.