பொய்ரோ இல்லாத அகதா கிறிஸ்டி தேறுமா, தேறாதா?

ஊசிமுனை:
கிறிஸ்டி என்றாலே எல்லாரும் அவருடைய துப்பறிவாளர்களான பொய்ரோவையும் மிஸ் மார்பிளையும்தான் பிடித்துக்கொள்கிறார்கள். அந்த இரண்டு பேரும் தலைகாட்டாத நாவல்களாகத் தேடிப் படித்துக்கொண்டிருக்கிறேன். அவர் துணிந்து விளையாடியது இவற்றில்தான் என்பது என் கட்சி. பொய்ரோ வந்துவிட்டால், கடைசியில் எல்லாரையும் கூடத்தில் உட்காரவைத்து முடிச்சை அவிழ்த்துவிடுவார் என்று தெரியும்; பயம் வராது. 'எண்ட்லெஸ் நைட்'டில் (1967) அந்த ஆறுதல் கிடையாது. எந்த வேலையிலும் நிலைக்காத மைக் என்ற இளைஞன் தன் கதையைத் தானே சொல்கிறான். பணக்காரப் பெண் எல்லி, சாபம் விழுந்ததென்று ஊர் நம்பும் நிலம், அதில் கட்டும் வீடு. பாதிப் புத்தகம் வரை பெரிதாக ஒன்றும் நடக்காது, ஆனாலும் வயிற்றைக் கலக்கும். அது வெளிவந்தபோது கிறிஸ்டிக்கு வயது 77. அந்தப் பையனின் குரலை எப்படித்தான் பிடித்தாரோ!

மலைக்கோட்டை மணி:
நல்லதை மட்டும் பொறுக்கி எடுத்தால் எப்படி சார்? 1970-ல் வந்த 'பாசஞ்சர் டு ஃபிராங்க்பர்ட்' பக்கம் போய்ப் பாருங்கள். உலகமெங்கும் இளைஞர் கலவரம், அதற்குப் பின்னால் நாஜிச் சதி, நடுவில் முடிவே இல்லாத பேச்சு. 'தே கேம் டு பாக்தாத்' (1951) இன்னொன்று. லண்டன் பூங்காவில் பார்த்த பையனுக்காக, கையில் காசில்லாத டைப்பிஸ்ட் விக்டோரியா ஈராக் வரை போகிறாள். ஒற்றன் ஒருவன் சரியாக அவள் அறைக்குள் வந்து உயிரை விடுகிறான். பொய்ரோ கதையில் இத்தனை தற்செயல் இருந்தால் விடுவோமா?

செவ்வந்தி:
மணி அண்ணா, பாக்தாத் கதையில் சதி உப்புச்சப்பில்லாததுதான். ஆனால் அகழாய்வு முகாம் வரும் பக்கங்களைப் படித்தீர்களா? கிறிஸ்டியின் கணவரான தொல்லியலாளர் மேக்ஸ் மல்லோவன் ஈராக்கின் நிம்ருதில் தோண்டிக்கொண்டிருந்த காலம் அது. அங்கே கிடைத்த தந்தச் சிற்பங்களை கிறிஸ்டியே தன் முகக் கிரீமைத் தடவிச் சுத்தம் செய்திருக்கிறார். பார்த்துப் பழகிய இடம் என்பது எழுத்தில் தெரிகிறது.

மலைக்கோட்டை மணி:
அகழாய்வைப் பற்றிப் படிக்க நான் ஏன்மா த்ரில்லர் வாங்கணும்?

ஊசிமுனை:
சரி, ஒற்றர் கதைகளை விட்டுவிடலாம். 'தி பேல் ஹார்ஸ்' (1961)? செத்தவர்களுக்குள் ஒரு தொடர்பும் தெரியவில்லை, சூனியம் என்கிறார்கள். கடைசியில் பார்த்தால் தாலியம் என்ற விஷம். தலைமுடி கொத்தாகக் கையோடு வருவதுதான் துப்பு. முதல் உலகப்போரின்போது மருந்தகத்தில் வேலை பார்த்தவர் கிறிஸ்டி. அங்கே ஒரு மருந்தாளர், பலசாலியாக உணர வேண்டுமென்று கியூராரே விஷத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தாராம். அந்த ஆளின் நினைப்பில்தான் இந்த நாவல் வந்தது. இப்படிப்பட்ட மனிதனை பொய்ரோவுக்கு எதிரே நிறுத்தினால் வெறும் குற்றவாளியாகிவிடுவான்.

மலைக்கோட்டை மணி:
அதில் அரியாட்னி ஆலிவர் வருகிறாரே! பொய்ரோவின் சிநேகிதி. தனி நாவல் கணக்கில் சேராது.

செவ்வந்தி:
அப்போது 'குரூக்கட் ஹவுஸ்' (1949)? தனக்கு மிகவும் பிடித்தவற்றில் அதுவும் ஒன்று என்று முன்னுரையிலேயே எழுதியிருக்கிறார். தயவுசெய்து முடிவை யாரும் சொல்லிவிடாதீர்கள்.

மலைக்கோட்டை மணி:
சொல்லவில்லை. ஆனால் சார்லஸ் என்று ஒருத்தன் கொலை நடந்த அந்த வீட்டுக்குள் சுற்றுகிறானே, எதையாவது கண்டுபிடித்தானா? பொய்ரோ இருந்திருந்தால் பாதிக் கதையிலேயே முடித்திருப்பார்.

ஊசிமுனை:
நான் சொல்ல வந்ததே அதுதான் சார். முடித்திருப்பார், போலீஸ் வந்திருக்கும், கதை அவ்வளவுதான். யாரும் சரியான நேரத்தில் கண்டுபிடிக்காததால்தான் அந்த வீட்டிலேயே ஒருவர் தானாக ஒரு முடிவெடுக்க வேண்டி வருகிறது. அதைப் படித்த ராத்திரி உங்களுக்குத் தூக்கம் வந்ததா?

மலைக்கோட்டை மணி:
வரவில்லை. அந்த ஒன்றுக்கு ஒப்புக்கொள்கிறேன். பாக்தாத்துக்கு மட்டும் என்னைக் கூப்பிடாதீர்கள்.