சமீபத்தில் என்ன முடித்தீர்கள்? கையைப் பிடித்து அழைத்துப் போகாத கேம்கள் வேண்டும்

பென்சில்முனை:

வணக்கம் நண்பர்களே. போன வாரம் 'ரிட்டர்ன் ஆஃப் தி ஓப்ரா டின்' முடித்தேன். 2018இல் வந்த கேம், இவ்வளவு நாள் எப்படித் தவறவிட்டேன் என்று தெரியவில்லை. முடித்த பிறகு மூன்று நாள் வேறு எதையும் தொட மனமே வரவில்லை. அதைப் பற்றிக் கொஞ்சம் பேசலாம், அடுத்து என்ன விளையாடலாம் என்றும் கேட்கலாம் என்றுதான் இந்த இழை.

அதற்கு முன்னால் இஷ்டப்படி சுற்றித் திரியும் ஒரு பெரிய ஓப்பன் வேர்ல்ட் கேமில் எழுபது மணி நேரம் போட்டிருந்தேன். பெயர் வேண்டாம், அழகான கேம்தான். ஒரு நாள் இரவு என் கண் எங்கே இருக்கிறது என்று நானே கவனித்தேன். திரை மூலையில் இருக்கும் குட்டி மேப்பிலேயே இருந்தது. எதிரே மலை, ஆறு, அந்தி வெளிச்சம் எல்லாம் பார்த்துப் பார்த்து வரைந்து வைத்திருக்கிறார்கள். நானோ ஒரு மஞ்சள் புள்ளியின் பின்னால் ஓடிக்கொண்டிருக்கிறேன். சரி, புள்ளி இருக்கும் இடத்துக்குப் போனால், என்ன செய்ய வேண்டும் என்று கதாபாத்திரமே வாய்விட்டுச் சொல்லிவிடுகிறது. யோசிக்க இரண்டு நொடிகூடக் கிடைக்கவில்லை. அன்றோடு நிறுத்திவிட்டேன்.

ஓப்ரா டின் இதற்கு நேர் எதிர். 'பேப்பர்ஸ், ப்ளீஸ்' செய்த லூகாஸ் போப்பின் கேம். வருடம் 1807. காணாமல் போன வணிகக் கப்பல் ஒன்று உயிருள்ள ஆள் ஒருவர்கூட இல்லாமல் திரும்பி வருகிறது. காப்பீட்டுக்காக அதைச் சோதிக்க அனுப்பப்பட்டவர் நீங்கள். கப்பலில் போனவர்கள் 60 பேர். ஒவ்வொருவரும் யார், அவருக்கு என்ன ஆனது, யார் கையால் ஆனது என்று ஒரு புத்தகத்தில் நிரப்ப வேண்டும். உங்களிடம் இருப்பது ஒரு பாக்கெட் கடிகாரம். எலும்புக்கூட்டின் அருகே அதைத் திறந்தால் முதலில் வெறும் இருட்டு, சில நொடி குரல்கள். அப்புறம் அந்த உயிர் போன கணம் உறைந்து நிற்கும். அதற்குள் நடந்து, சுற்றிச் சுற்றிப் பார்க்கலாம். படம் முழுக்கக் கறுப்பு வெள்ளைப் புள்ளிகள்தான்.

இன்னார் இன்னார் என்று யாரும் வந்து சொல்ல மாட்டார்கள். ஒருவர் பேச்சில் இருக்கும் மொழி, இன்னொருவர் நிற்கும் இடம், கையில் இருக்கும் கருவி, இவற்றை வைத்து நாம்தான் பெயர் எழுத வேண்டும். மூன்று பேருக்குச் சரியாக எழுதினால்தான் கேம் "சரி" என்று அச்சிட்டுக் கொடுக்கும். ஒருவரைச் சரியாகவும் இருவரைத் தப்பாகவும் எழுதியிருந்தால் வாயைத் திறக்காது. நான் ஒரு மாலுமிக்குத் தப்பான பெயரை எழுதிவிட்டு, அந்தத் தப்பின் மேலேயே இரண்டு இரவு வீடு கட்டினேன். அதை நானே கண்டுபிடித்து அழித்தபோது கிடைத்த நிம்மதி பாஸ் என்கிற பெரிய எதிரிகளோடு போட்ட எந்தச் சண்டையிலும் கிடைத்ததில்லை.

(அடுத்த பத்தி ஸ்பாய்லர், புதிரை உடைத்துவிடும். விளையாடப் போகிறவர்கள் தாண்டிவிடுங்கள்.)

ஒரு காட்சியில் மாலுமிகள் தூங்கும் தொங்கு படுக்கைகள் வரிசையாக இருக்கும். அதே இடத்தைப் பத்துத் தடவையாவது கடந்து போயிருப்பேன். பதினோராவது தடவைதான் ஒவ்வொரு படுக்கையிலும் ஒரு எண் தொங்குவதைப் பார்த்தேன். உடனே புத்தகத்தைத் திறந்தேன். ஆள் பட்டியலில் ஒவ்வொரு பெயருக்கு முன்னாலும் ஒரு எண். அது வெறும் வரிசை எண் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன்! நாற்காலியிலிருந்து எழுந்து அறையை இரண்டு சுற்று சுற்றிவிட்டுத்தான் மறுபடி உட்கார்ந்தேன். அந்த எண்கள் முதல் நிமிடத்திலிருந்தே என் கண் முன்னால் இருந்தவை. பார்க்க வேண்டியவன் நான், அவ்வளவுதான்.

இப்போது என் கேள்வி. இப்படி, நமக்குப் புரிந்தால் மட்டும் நகரும் கேம் வேறு எது? நீங்கள் இப்போது விளையாடியதில், உங்களை நம்பி விட்டது எது? புதுசோ பழசோ பரவாயில்லை. வெறும் பெயர்ப் பட்டியல் வேண்டாம், அதில் உங்களுக்கு என்ன நடந்தது என்று எழுதுங்கள்.

கயல்:

'அவுட்டர் வைல்ட்ஸ்'. 2019. இன்றே தொடங்குங்கள், அதைப் பற்றி இணையத்தில் ஒரு வரிகூடத் தேடாதீர்கள். பெயர் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கும் இன்னொரு கேமும் உண்டு, மாற்றி வாங்கிவிடாதீர்கள்.

தொடக்கத்திலேயே தெரிந்துவிடுவதை மட்டும் சொல்கிறேன். ஒரு சின்னச் சூரியக் குடும்பம். உங்களிடம் ஒரு விண்கலம். 22 நிமிடத்தில் எல்லாம் முடிந்து, மறுபடி கண் விழிப்பீர்கள். கையில் புதிதாக எந்த ஆயுதமும் சேராது, எந்தத் திறனும் கூடாது. மிஞ்சுவது நீங்கள் தெரிந்துகொண்டது மட்டும்தான். கலத்தின் பின்புறம் ஒரு கணினி, நீங்கள் படித்த சேதிகளையெல்லாம் கோடு போட்டு இணைத்து வைத்திருக்கும். இங்கே இன்னும் ஏதோ பாக்கி என்றும் காட்டும். அது என்ன என்று காட்டாது.

நானும் தம்பியும் சேர்ந்து விளையாடினோம். அவன் ஓட்டுவான், நான் எழுதுவேன். ஒன்றையொன்று சுற்றும் இரட்டைக் கோள்கள் இருக்கின்றன. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மணல் தூணாகக் கொட்டிக்கொண்டே இருக்கும், மணல் கடிகாரம் மாதிரி. மணல் நிரம்பும் கோளில் ஒரு குகைக்குள் போனோம். பாதி வழியில் தரை உயர்கிறது. கூரை தலையைத் தொடுகிறது. தம்பி திரும்பி ஓடப் பார்த்தான், வந்த வழியே இல்லை. அப்படியே நசுங்கிப் போனோம். மறுபடி விழித்ததும் இரண்டு பேரும் பேசவே இல்லை, ஒரே சமயத்தில் புரிந்துவிட்டது: இந்தக் கோளுக்கு முதலில் போக வேண்டும், மற்றதற்குக் கடைசியில் போக வேண்டும். யாரும் சொல்லித் தராத பாடம்.

இன்னொன்று. கலத்தில் ஒலியைப் பிடிக்கும் கருவி ஒன்று இருக்கிறது. நம் ஊர்க்காரர்கள் ஒவ்வொருவரும் ஒவ்வொரு கோளில் தனியாக உட்கார்ந்து ஆளுக்கொரு வாத்தியம் வாசித்துக்கொண்டிருப்பார்கள். வெகு தூரம் தள்ளிப் போய்த் திரும்பி அந்தக் கருவியை நீட்டிப் பாருங்கள். இதற்கு மேல் சொன்னால் பாவம்.

சுவர்தாவி:

கயல் சொன்னது சரி. ஆனால் பென்சில்முனை, உங்கள் கேள்வியில் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. புரிதல் என்றால் குறிப்பேடும் துப்பறிதலும் மட்டும்தானா? விரலுக்கும் புரியும்.

நான் இப்போது 'ஹாலோ நைட்: சில்க்சாங்' முடித்தேன். 2025 செப்டம்பர் 4 அன்று வந்தது. முந்தைய பகுதி 2017இல், அதற்கப்புறம் இத்தனை வருடக் காத்திருப்பு. பழைய கேமில் குதித்துக் கீழே அடித்தால் நேர் கீழே அடி விழும். இதன் நாயகி ஹார்னெட் சாய்வாகப் பாய்கிறாள். பழைய கேமை மூன்று தடவை முடித்த என் விரலுக்கு இது எதிரி. முதல் ஐந்து மணி நேரம் முள்ளின் மேல் விழுந்துகொண்டே இருந்தேன். ஆறாவது மணியில் எப்போதோ ஒரு சிவப்புப் பூவிலிருந்து அடுத்த பூவுக்குத் தாவித் தாவி ஒரு பள்ளத்தையே கடந்துவிட்டேன், யோசிக்காமல். இதை யார் சொல்லிக்கொடுத்தார்கள்? யாரும் இல்லை.

உயிர் ஏற்றுவதும் அப்படித்தான். இந்த கேம்களில் உயிரை முகமூடிகளாகத்தான் எண்ணுவார்கள். பழையதில் ஒவ்வொரு முகமூடியாக ஏறும். இதில் ஒரே தடவையில் மூன்று ஏறும், ஆனால் சேர்த்து வைத்த பட்டு நூல் பெரும்பாலும் கரைந்துவிடும். ஆக ஒவ்வொரு நொடியும் ஒரு கணக்கு: இந்த நூலை அடிக்கச் செலவழிப்பதா, பிழைக்க வைத்துக்கொள்வதா? ஐந்து முகமூடியோடு தொடங்குகிறோம், ஒரே அடியில் இரண்டைப் பறிக்கும் எதிரிகள் தொடக்கத்திலேயே வந்துவிடுகிறார்கள்.

'லாஸ்ட் ஜட்ஜ்' என்று ஒரு பாஸ். எரியும் தூபக்காலைச் சங்கிலியில் கட்டிச் சுழற்றும். தோற்றால், கடைசியாக உட்கார்ந்து சேமித்த பெஞ்சிலிருந்து மறுபடி நெடுந்தூரம் ஏறி வர வேண்டும். அந்த ஏற்றம் பலருக்குப் பிடிக்கவில்லை, எனக்கும் முதலில் எரிச்சல்தான். இருபது தடவைக்கு மேல் தோற்றேன். கடைசியில் திரையைப் பார்ப்பதை விட்டுவிட்டுச் சங்கிலிச் சத்தத்தைக் கேட்க ஆரம்பித்தேன். அன்றிரவே விழுந்தது. உங்கள் தொங்கு படுக்கை எண்ணும் என் சங்கிலிச் சத்தமும் ஒன்றுதான். இரண்டும் முதலிலிருந்தே அங்கே இருந்தவை.

பென்சில்முனை:

சுவர்தாவி, இதைப் படித்துவிட்டு என் கேள்வியையே மாற்றிக்கொண்டேன். சங்கிலிச் சத்தம் என்னை மடக்கிவிட்டது. நீங்கள் சொல்வது முழுக்க நியாயம்.

ஒரே ஒரு வித்தியாசம் மட்டும் எனக்குத் தோன்றுகிறது. ஓப்ரா டின்னில் தெரிந்துகொண்டதை மறக்கவே முடியாது, அதனால் அதை முதல் தடவை விளையாடும் சுகம் இனி எனக்கு இல்லை. அந்த எண்களை இனிப் பார்க்காமல் இருக்க முடியாதே! விரல் கற்றது அப்படி இல்லை. ஒரு மாதம் விட்டால் போய்விடும், மறுபடி கற்கலாம், மறுபடி சந்தோஷப்படலாம். ஒரு விதத்தில் உங்களுக்கு என் மேல் பொறாமை வர வேண்டாம், எனக்குத்தான் உங்கள் மேல்.

ஆனால் எனக்கு வலது கட்டைவிரலில் பழைய வலி உண்டு. அரை மணி நேரம் வேகமாகத் தாவினால் மறு நாள் பேனா பிடிக்க முடியாது. அதனால்தான் இந்த மாதிரி கேம்களிலிருந்து விலகியே இருக்கிறேன்.

மலைச்சாரல்:

கட்டைவிரல் வலிக்கு: 'செலஸ்ட்' (2018) எடுங்கள். அதில் அசிஸ்ட் மோடு இருக்கிறது. கேமின் வேகத்தைப் பாதி வரை குறைக்கலாம், பிடித்துத் தொங்கும் தெம்பு தீராமல் வைக்கலாம், நடுவானில் பாயும் எண்ணிக்கையைக் கூட்டலாம். எல்லாம் தனித்தனி. நான் வேகத்தை மட்டும் எண்பது சதவீதம் வைத்து மலை உச்சி வரை ஏறினேன். புதிர் அப்படியே இருந்தது, விரலுக்கு மட்டும் மூச்சு விட நேரம் கிடைத்தது. விழுந்தாலும் அதே திரையின் தொடக்கத்தில் கண் இமைக்கும் நேரத்தில் நிற்பீர்கள், ஏறி வர வேண்டியதில்லை.

விளிம்பைத் தாண்டிக் கால் காற்றில் இருக்கும்போதும் சில கணம் குதிக்க விடும். விளையாடும்போது தெரியாது, ஆனால் செய்தவர்கள் நம் பக்கம் நிற்கிறார்கள்.

ஏழாம்அறை:

குறிப்பேட்டுக்காரருக்கு இரண்டு.

'சான்ட்ஸ் ஆஃப் செனார்' (2023): ஒரு கோபுரம், ஒவ்வொரு அடுக்கிலும் வேறு மக்கள், வேறு எழுத்து. சுவர், பலகை, பேச்சு எல்லாவற்றையும் பார்த்து எழுத்துக்குப் பொருள் ஊகிக்க வேண்டும். ஒரு தொகுதி முழுக்கச் சரியாக இருந்தால்தான் உறுதி செய்யும், உங்கள் ஓப்ரா டின் போலவே. முதல் அடுக்கில் ஒரே குறியை இரண்டு தடவை எழுதினால் பன்மை. அதைப் பிடித்த நிமிடம் பெரிய நிமிடம்.

'ப்ளூ பிரின்ஸ்' (2025): 45 அறை கொண்ட மாளிகையில் 46ஆவது அறையைத் தேட வேண்டும். ஒவ்வொரு கதவைத் திறக்கும்போதும் மூன்று அறைகளில் ஒன்றை நீங்களே தேர்ந்து வைக்கிறீர்கள். மறு நாள் வீடு கலைந்துவிடும். தொடங்கும்போது ஒரு நாளைக்கு 50 காலடிதான். விடை தெரிந்தும் வேண்டிய அறை வராமல் நாலு நாள் வீணாகும், அது நிஜமான குறை. ஆனாலும் அறுபது பக்கம் குறிப்பு எழுதினேன், எதையும் தூக்கிப் போடவில்லை.

பென்சில்முனை:

எல்லோருக்கும் நன்றி. கயல், நேற்றிரவு தொடங்கிவிட்டேன். எதையும் தேடவில்லை, சத்தியமாக.

கலத்தை இரண்டு தடவை நொறுக்கினேன். மூன்றாவது தடவை பச்சையாகத் தெரிந்த பெரிய கோளில் இறங்கினேன். மேகத்துக்குக் கீழே கடல், கடல் மேல் சூறாவளிகள் நடந்து வருகின்றன. ஒரு தீவில் கலத்தை நிறுத்திவிட்டுச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தேன். திடீரென்று உடம்பு லேசானது. நிமிர்ந்தால் மேகத்தைக் காணோம், நட்சத்திரங்கள். நான் நின்ற தீவே மேலே போய்விட்டது! கொஞ்ச நேரம் அப்படியே மிதந்தது, அப்புறம் கடலைப் பார்த்து விழ ஆரம்பித்தது. ஓடிப் போய்க் கலத்தில் ஏறவில்லை. அங்கேயே நின்று கடைசி வரை பார்த்தேன்.

புதுக் குறிப்பேட்டில் முதல் வரி இது: "சூறாவளி தீவைத் தூக்குகிறது. எல்லாச் சூறாவளியும் தூக்குமா?"

கயல், தயவுசெய்து பதில் சொல்லிவிடாதீர்கள்.