கழித்தலில் ஒளிந்த எண்ணை எப்படிக் காட்டுவது?
4ஆம் வகுப்புக்குக் கற்பிக்கும் ஆசிரியர்களே, ஒரு யோசனை வேண்டும்.

7 + 5 = □ + 4 கொடுத்தால் பலர் 12 என்கிறார்கள், சிலர் எல்லாவற்றையும் கூட்டி 16. சமன்குறியை 'விடை எழுதும் இடம்' என்றே படித்துப் பழகிய பிள்ளைகள். 7 = 3 + 4, 6 = 6 என எழுத வைப்பது உதவுகிறது.

தீப்பெட்டிக்குள் போல்ட் நட்டுகளை ஒளித்துத் தராசில் வைத்தால் கூட்டல் நன்றாகவே பிடிபடுகிறது. (எதிர்த்தட்டிலும் ஒரு காலிப் பெட்டி அவசியம், இல்லையேல் பெட்டியின் எடை கணக்கைக் கெடுக்கும். புளியங்கொட்டை வேண்டாம், ஒவ்வொன்றும் வெவ்வேறு எடை.)

சிக்கல் □ − 3 = 5இல்தான். 3 நட்டை வெளியே எடுத்ததும் பெட்டியில் இருப்பது 5. □ குறிப்பதோ எடுக்கும் முன் இருந்ததை. அங்கே குழம்பி 5 − 3 = 2 என்கிறார்கள். இதற்குத் தராசை விட்டு எண்கோட்டுக்குப் போவது நல்லதா? வேறு வழி செய்து பார்த்தவர்கள் படிப்படியாகச் சொல்லுங்கள்.